பாதிப் பாசுரமும் ஊமைப்படப் பிசாசும்

நம் ஜில்லாவில் முதன்முதலில் ஒரு சினிமாப் படத்தைப் பேசவைத்தவன் நான்தான். அதுவும் ஊமைப்படம். பேசியது அதிலிருந்த பிசாசு.

அப்போது எனக்குப் பதினாறு வயது. குரல் உடைந்த நாளிலிருந்து, பாசுரம் சேவிக்க வாயைத் திறந்தால் நாலாவது சொல்லில் தொண்டை அடைத்துக்கொள்ளும். பாச்சாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சின்னக் காஞ்சிபுரமே முடிவு கட்டிவிட்டது. எனக்கு அரைத்துக் கொடுத்ததில் ஒரு வேப்பமரம் மொட்டையானது. கட்டிய தாயத்துகளின் கனத்தில் அரை அடி குள்ளமானேன். இந்த நிலையில்தான், விடிந்தால் கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் காலஞ்சென்ற அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து நான் சேவிக்க வேண்டும். தடுக்கினால் அந்த இடம் பெரியப்பா பிள்ளை பராங்குசத்துக்குப் போய்விடும். அப்பா எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.

பயத்தில் அன்று சாயங்கால ஆட்டத்துக்குக் கூடாரச் சினிமாக் கொட்டகையில் போய் ஒளிந்தேன். வேவு பார்க்கப் பராங்குசமும் வந்து பின்னால் உட்கார்ந்தான்.

படத்தில் ஒரு பெண் கிணற்றில் விழுந்து பிசாசாக எழுந்தாள். அவள் கூந்தலை உதறியதுமே, திரையோரம் நின்று கதை சொல்கிறவர் மயங்கி விழுந்தார். பிசாசு நேராக என்னைப் பார்த்தது. அலறத்தான் வாயைத் திறந்தேன், வந்தது பாசுரம். பயத்தில் முதல் பாதி முழுசாகவே வந்துவிட்டது. வழக்கப்படி அங்கே நிறுத்தினேன்.

எங்கள் கோஷ்டியில் ஒரு வரிசை முதல் பாதியைச் சொன்னால், எதிர்வரிசை மறுபாதியைச் சொல்லியாக வேண்டும். தொங்கலில் விட்டால் எவருக்கும் சோறு இறங்காது. அந்தப் பிசாசு எங்கள் தெருவில் வளர்ந்ததோ என்னவோ, பொறுக்க முடியாமல் நெளிந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தது. பிறகு கணீரென்று மறுபாதியைச் சொல்லிவிட்டது!

நான் எடுக்க, அது முடிக்க, அந்தப் பதிகத்தின் பத்துப் பாட்டும் ஆயிற்று. படத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியக்காரர் கைகூப்பி எழுந்து நின்றார். கடைசியில் பிசாசு தீர்த்தத்துக்காகத் திரைக்கு வெளியே கையை நீட்டியது. சோடா விற்கும் வீராசாமி ஊற்றிவிட்டுக் கத்தினான்:

"இன்னாபா இது, படத்துல கீற பொம்ம சோடா குடிச்சிக்கினு ஏப்பம் விடுது!"

வீட்டில் நான் நடந்ததைச் சொல்ல, பராங்குசம் இல்லையென்று சாதித்தான். "ஒண்ணுமே நடக்கலைப்பா. இவனுக்குச் சித்தம் கலங்கிடுத்து. இவனையா கோஷ்டியில உக்கார வெக்கப் போறேள்?"

"நாளைக்குத் தெரிஞ்சுடப் போறது" என்றார் பெரியப்பா. "இவன் தடுக்கினா நீ உக்காரு."

காலையில், சொல்லிவைத்தாற்போல், நாலாவது சொல்லில் தொண்டை அடைத்தது. எதிர்வரிசையில் காத்திருந்த பராங்குசம் எழுந்திருக்க அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தான். அப்போதுதான் அவனுக்குப் பக்கத்துக் காலியிடத்தில், தலையில் கிணற்றுநீர் சொட்டச் சொட்ட, அவள் வந்து உட்கார்ந்தாள். தன் பாதிக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் காக்கவைக்க எவனுக்குத் தைரியம் வரும்? மடை திறந்ததுபோல் கொட்டினேன். கோபுரத்துப் புறாக்கள் இரை தேடப் போகவில்லை. மண்டபத்தில் கட்டியிருந்த யானை தாளம் போட்டது.

எல்லாம் முடிந்ததும் பெரியப்பா மகனைத் தேடினார். தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் உட்கார்ந்த பக்கத்து வேஷ்டி தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னடா இது? வா, தீர்த்தம் வாங்கிக்கோ."

"அந்த இடம் எனக்கு வேண்டாம்ப்பா, பாச்சாவே வெச்சுக்கட்டும்" என்றான் பராங்குசம், பல் கிட்ட. "நேத்து கொட்டகையில பிசாசு பேசித்து. நானும் கேட்டேன்."