மருதன் எழுதிக்கொண்டிருக்கிறார்

ஓடக்காரன் மருதன் கையை நீட்டினான். "பலகை ஆடுது, பிடிச்சுக்க" என்றான். செவ்வி வலது கையால் அந்தக் கையைப் பிடித்தாள். அதோடு எழுத்து நின்றுவிட்டது.

செவ்வியை எழுதுபவள் ரம்ஸியா. குவைத்தில், அப்பாசியாவில் இருக்கிறாள். மருதனை எழுதுபவர் துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் ஏதோ கிடங்கில் வேலை செய்கிறார் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. டெலிகிராம் குழு ஒன்றில் பத்துப் பதினைந்து பேர் எழுத்தாலேயே ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் தன் பாத்திரம் செய்வதை எழுதுவார், அடுத்தவர் தன் பாத்திரத்தைக் கொண்டு பதில் சொல்வார். எல்லோருடைய கணக்கும் பாத்திரத்தின் பெயரில்தான். எல்லோரும் வளைகுடாவில் ஷிப்ட் கணக்கில் வாழ்பவர்கள் என்பதால் சில மரியாதைகள் வைத்திருந்தார்கள். வர முடியாதென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். "டூட்டி மாறிடுச்சு, வெள்ளி வரை இல்லை" என்று ஒரு வரி போதும். போகும் முன் பாத்திரத்தைச் சத்திரத்திலோ மரத்தடியிலோ உட்கார வைத்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அவர் திரும்பும்வரை அந்தப் பாத்திரத்தை வேறு யாரும் தொடக் கூடாது.

மருதன் சொல்லாமல் போனார். அதுவும் நட்டாற்றில், இன்னொருத்தியின் கையைப் பிடித்தபடி.

முழுவதுமாகப் போகவும் இல்லை. சில வாரம் கழித்து, பிற்பகலில் ரம்ஸியா துணி மடித்துக்கொண்டிருக்கும்போது குழுவின் பெயருக்குக் கீழே அந்த வரி தோன்றும்: மருதன் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒருவர் எழுதும்போது குறுக்கே எழுதாமலிருப்பதும் அவர்களுடைய மரியாதை. எல்லோரும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். புள்ளிகள் மூச்சு விடுவதைப் போல எழும்பி அடங்கும். பிறகு அணைந்துவிடும். ஒன்றும் வராது. ஆளில்லாத அறையில் நாற்காலி நகர்ந்தது போல் அவளுக்கு இருக்கும்.

குழுவை நடத்தும் நூஹு, மனாமாவில் குதைபியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர், போன் செய்தார். அண்ணன் முறையில் அவள் அவரைக் காக்கா என்பாள்.

"புள்ள, வியாழக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல படகைக் கவுத்துற வேண்டியதுதான். மருதன் மவுத்து. கலாஸ், முடிஞ்சு போச்சு."

"ஆள் உசுரோட இருக்கையில எப்படிக் காக்கா கொல்றது?"

"இருக்கானான்னு யாரு கண்டா? போன் கெடக்கும், மேல பூனை நடக்கும்."

"காக்கா!"

"சிரிக்கத்தான் சொன்னேன். செவ்வி அக்கரை சேராம கதை நகர மாட்டேங்குது. ஆளுக வெலக ஆரம்பிச்சுட்டானுவ. கூட உக்காந்திருக்கிறது நீ. நீ சரின்னாத்தான் நான் கவுக்க முடியும்."

மருதனுடைய வரிகளோடுதான் அவளுடைய பிற்பகல்கள் போயின. முகம் தெரியாது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அவர் எவ்வளவு நேரம் சும்மா இருப்பார் என்பது தெரியும். அப்படிப்பட்டவரை எப்படி மூழ்கடிப்பது?

புதன்கிழமை அவள் மரியாதையை மீறினாள். தனியாக அவருக்கு எழுதினாள். "அண்ணா, நல்லா இருக்கீங்களா?"

காத்திருந்ததைப் போல உடனே பதில் வந்தது. "நல்லா இருக்கேன் சிஸ்டர். என் பேரு கார்மேகம்."

"ஏன் எழுத மாட்டேங்கிறீங்க?"

புள்ளிகள் வெகுநேரம் துடித்தன.

"திடீர்னு லீவு கெடச்சு ஊருக்குப் போயிட்டேன். வீட்டுல என் கட்டில் இருந்த இடத்துல தையல் மெஷின் நிக்குது. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் இல்லாமப் பழகிட்டாங்க, அவ்வளவுதான். லீவு முடியுறதுக்குள்ளயே ரூமுக்கு வந்துட்டேன். வந்து பாத்தா, நீங்க எல்லாரும் எனக்காக நிறுத்தி வச்சிருக்கீங்க. நான் டைப் பண்ணினா மொத்தக் குழுவும் கப்சிப்னு ஆகுது. அதையே பாத்துக்கிட்டு இருக்கலாம் போல இருக்கு சிஸ்டர்."

"ஒரு வரி எழுதுங்க அண்ணா. அக்கரைக்குப் போயிடலாம்."

"போனா நீங்க எறங்கிப் போயிடுவீங்க. இப்படியே இருங்க. கையை மட்டும் விட்டுறாதீங்க."

ரம்ஸியாவின் உள்ளங்கை சில்லிட்டது. செத்துப்போனாரோ என்று அவள் பயந்த அத்தனை பிற்பகல்களிலும் அந்தப் பக்கம் ஒரு கண் விழித்திருந்தது. உயிரோடிருக்கும் ஒருவர் செத்தவரைப் போலக் கிடந்து, தனக்காக அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நூஹுவிடம் சொன்னால் நாளைக்கே படகு கவிழும். வீட்டில் இடம் போனவருக்கு இங்கேயும் போகும். சொல்லாவிட்டால் அவளும் அந்த ஆற்றிலேயே இருக்க வேண்டும். அடுத்தவர் பாத்திரத்தைத்தான் தொடக் கூடாது. செவ்வி அவளுடையவள்.

வியாழக்கிழமை பிற்பகல், மருதன் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வரும்வரை இருந்தாள். வந்ததும் குறுக்கே எழுதினாள்.

'செவ்வி கையை விடுவித்துக்கொண்டாள். படகின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை இறக்கினாள். தண்ணீர் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. நீந்தத் தொடங்கினாள்.'

புள்ளிகள் நின்றன.

நூஹு உடனே கூப்பிட்டார். "அவரு எழுதுறப்பவே குறுக்க போட்டுட்டியே! இப்ப மருதனை என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாதீங்க காக்கா. அவரு உக்காந்திருக்கட்டும். படகைக் கவுக்காதீங்க."

கதை நகர்ந்தது. எல்லோரும் வேறு துறையில் ஆற்றைக் கடக்கிறார்கள். கார்மேகத்திடமிருந்து அதன் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

சில வாரம் கழித்து நூஹு கேட்டார். "ஏன் புள்ள, செவ்வி இப்ப எல்லாத்தையும் இடது கையாலயே செய்யுறா? வலது கை என்னாச்சு?"

அவள் தான் எழுதியவற்றை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். கதவைத் திறந்தது, விளக்கேற்றியது, குடத்தைத் தூக்கியது. அவர் சொன்னது சரிதான்.