ரோட்டு முக்கில் ஆயம்மாள்

“செத்தவளை எதுக்கு மூக்கம்மா ரோட்டு முக்குல உக்கார வச்சு வரைஞ்சிருக்கே?”

யூனியன் செயலாளர் சபாபதி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் தலையைக் குனிந்து நுழைந்தபடி அம்மாவிடம் கேட்டார். அம்மா கையிலிருந்த கரித்துண்டைக் கீழே வைக்கவில்லை.

“அவ அங்கதானே அண்ணே உக்காந்திருந்தா” என்றாள்.

எங்கள் தேயிலை எஸ்டேட் நெல்லியாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் எழுபத்து மூன்றில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். யாருக்கும் தனிப் படம் கிடையாது. கப்பலுக்காகக் குடும்பத்தோடு எடுத்த ஒரே போட்டோவில் முகம் கடுகளவு தெரியும். யாராவது இறந்தால் பதினாறாம் நாள் மாலை போட ஒரு முகம் வேண்டும். அதற்கு அம்மாவிடம் வருவார்கள். தேயிலைப் பெட்டியின் மூடிப் பலகையில் கரியும் சுண்ணாம்பும் செங்கல் தூளும் வைத்து அம்மா வரைவாள். எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: கழுத்தில் ஒரு சங்கிலி, காதில் ஜிமிக்கி. உயிரோடு இருந்தபோது கண்ணால் பார்க்காத நகையெல்லாம் பலகையில் ஏறும். அம்மா சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுப்பாள்.

சாவு வீட்டில் ஒப்பாரியும் அம்மாதான். ஒருத்திக்குப் பாடியதை இன்னொருத்திக்குப் பாடமாட்டாள். போகிற வழியிலேயே கட்டிவிடுவாள். பள்ளிக்கூட வாசலை அவள் மிதித்ததில்லை.

நான் எட்டாவது வரை மிதித்தேன். வயசுக்கு வந்ததும் அப்பா நிறுத்திவிட்டார். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோபம் மட்டும் வரும். அதை நோட்டில் எழுதினேன். பிறகு அம்மாவின் ஒப்பாரிகளையும் எழுத ஆரம்பித்தேன். சாவு வீட்டில் கேட்டதை மனதில் பிடித்து வந்து எழுதி, கூரைத் தகரத்துக்கும் மரச் சட்டத்துக்கும் நடுவில் செருகி வைப்பேன்.

எங்கள் லயத்து ஆயம்மாள் இறந்த அன்று நானும் ரோட்டு முக்கில் இருந்தேன். ஏழு மாதக் கர்ப்பத்தில் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்த நேரத்தில் கூட்டி வந்து தைலமரத்தடியில் உட்கார வைத்தோம். கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லாரி ஷெட்டில் நின்றது. எஸ்டேட் தொரை ஜீப்பில் குன்னூர் போயிருந்தார், அவர் கையெழுத்து இல்லாமல் லாரியை எடுக்கக்கூடாதாம். சாவி ஆபீசில் இருந்தது. கேட்டு வாங்கித் தருகிறேன் என்று போன சபாபதி, பொறுங்கள் பொறுங்கள் என்று சாயங்காலம் நாலு மணி வரை ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆயம்மாள் மடியில் துணி மூட்டையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருந்தாள். பிறகு பார்க்கவில்லை.

அன்றைக்கு அம்மா பாடினாள்:

காலையில உக்காந்த – என் தாயே
கருக்கலிலும் உக்காந்த
ஷெட்டுக்குள்ள லாரி நிக்க – உன்
சீவன் நடந்து போச்சுதே

மறுநாள் ஆபீசில் ஒரு தாள் தயாரானது. நாலு மணிக்குத்தான் நோவு கண்டது, உடனே லாரி கொடுத்தோம், வழியில் உயிர் போய்விட்டது என்று அதில் எழுதியிருந்தது. ஆயம்மாளின் புருஷன் நல்லசாமி கைநாட்டு வைத்தார்.

பதினாறுக்கு இரண்டு நாள் முன்னால் கூரை ஒழுகியது. தகரத்தைத் தூக்கிய அப்பாவின் கையில் என் நோட்டு விழுந்தது. அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. பதினேழு வயதுப் பெண் கூரையில் ஒளித்து வைத்தால் அது காதல் கடுதாசிதான் என்று முடிவு கட்டினார். எவன் என்று தெரிந்துகொள்ள, வாசிக்கத் தெரிந்த சபாபதியிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா என்னை அறைந்தாள்.

“மூணு உசுரு படுக்கிற ஊட்டுல ஒப்பாரியைப் பொத்தி வச்சிருக்கியேடி. சாவு வீட்டுப் பாட்டைச் சாவு வீட்டு வாசல்லயே விட்டுட்டு, தலை முழுகிட்டுத்தானே நான் உள்ள வர்றேன்.”

இரண்டாவது அறை வேறு காரணத்துக்கு விழுந்தது.

“வாயில பாடினது காத்துல போயிரும். யாரும் கேசு போட முடியாது. நீ எழுதி அவன் கையில குடுத்திட்டியே.”

எனக்கும் அவள் மேல் கோபம்தான். காற்றில் போகட்டும் என்றா அத்தனையும் பாடினாள்?

பலகையைப் பற்றிக் கேட்க வந்த அன்று சபாபதி சொல்லிவிட்டுப் போனது இதுதான். பதினாறாம் நாள் எல்லோர் முன்னாலும் மூக்கம்மா, இது என் பாட்டு இல்லை, மகள் தானாகக் கட்டி எழுதியது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவின் வேலையும் காம்பராவும் தப்பும். அடுத்த மாதம் வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பதிய இருந்த என் பேரை மட்டும் பதியமாட்டார்கள். சொல்லாவிட்டால் மூன்றும் போகும். அப்பா உடனே தலையாட்டினார். புத்தி கெட்ட பிள்ளை என்று ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார். அம்மா பலகையில் தைலமரத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காலை நல்லசாமியின் காம்பராவில் லயமே கூடியிருந்தது. முக்காலி மேல் பலகை, அதற்குச் செவ்வந்தி மாலை. சங்கிலி இல்லை, ஜிமிக்கி இல்லை. மடியில் மூட்டையோடு ஆயம்மாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்கள் அதன் பக்கம் பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்கள். நல்லசாமி சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

சபாபதி என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். “மூக்கம்மா, சபையில சொல்லு. இது உன் பாட்டா, உன் மக கட்டினதா?”

“அதுல என்னா இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும் அண்ணே? நான் படிச்சவளா? வாசிங்க, கேட்டுட்டுச் சொல்றேன்.”

சபாபதி வாசிக்கவில்லை. அந்த வரிகளை அவர் வாயால் எப்படிச் சொல்வார்? பின்னாலிருந்து ஒரு கிழவி, கண்ணாடி கொண்டுவரலையோ என்று கேட்டாள். யாரோ சிரித்து நிறுத்தினார்கள்.

அம்மா நோட்டை அவர் கையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். “பாலாமணி, வாசிடி.”

வாசித்தேன். முதல் வரியில் குரல் உடைந்தது. ஷெட்டும் லாரியும் வந்தபோது உடையவில்லை. அம்மா தலையைச் சாய்த்து, வேறு யாரோ பாடுவதைக் கேட்பதுபோல் கேட்டாள்.

“என் பாட்டுதான்” என்றாள். “ஒரு சொல்லும் மாறலை. ஆனா முடியலை. அன்னிக்கு நடக்காத ஒண்ணு மறுநா நடந்துச்சு. எழுதிக்க. அண்ணே, பேனாவைக் குடுங்க.”

சபாபதி சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கரித்துண்டை எடுத்துக் கொடுத்தாள். அப்பா, வேண்டாம் மூக்கம்மா என்றார். அம்மா நல்லசாமியைப் பார்த்து, பாட்டாக இல்லாமல் பேச்சாகவே சொன்னாள்:

கட்டினவன் கைநாட்டு – உன்
கதையை மாத்திப் போட்டுதே

எழுதினேன். கரி தாளைக் கிழித்தது.

நல்லசாமி இடது கைப் பெருவிரலை வேட்டியில் துடைத்தார். அதில் மை போய்ப் பல நாள் ஆகியிருந்தது. மறுபடியும் துடைத்தார். எழுந்தார். மாலையைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டுப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எங்கே போறே நல்லசாமி, சாமி கும்பிட வேணாமா என்று சபாபதி கேட்டார். அவர் வாசலில் செருப்பைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு இறங்கி, ஆபீஸ் இருக்கும் மேட்டுப் பக்கம் ஏறினார்.