பொறுமையாகப் பேசியவன்

விஜயராகவன் மடிக்கணினியைத் திறந்தபடியே கொண்டுவந்திருந்தார். மூடினால் வெடித்துவிடும் என்று யாரோ சொல்லியனுப்பியதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கி, கடைப்படி ஏறி, பக்ருதீனின் மேசைமேல் வைத்தார். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் பிரெஞ்சில் எச்சரிக்கை, கீழே ஒரு போன் நம்பர். ஒரு பெண் குரல் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்த முதல்ல நிறுத்துங்க பாய். காலையிலேருந்து இதே ரோதன."

பக்ருதீன் நாற்காலியிலிருந்து எழவில்லை. எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். சிவப்பு சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. அதன் தலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டினார். சத்தம் நின்றது. கடற்கரையில் தொப்பி போட்டு நிற்கும் விஜயராகவனின் பேத்தி படம் வந்தது.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார். வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஒரு வெப் பேஜ். நீங்க பயந்து அந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு செஞ்சு வச்சிருக்கானுங்க. கூப்பிட்டீங்களா?"

"இல்ல, இல்ல." விஜயராகவன் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"எத்தன தடவ சொல்றது? போன மாசமும் இதையேதான் தூக்கிட்டு வந்தீங்க. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தாரு, பாரீஸ்ல பையன் இருக்கான், ரெண்டு மூணு பாஷ பேசுறீங்க. இதுகூடத் தெரியாதா சார்?"

விஜயராகவன் சிரிக்கப் பார்த்தார். எவ்வளவு ஆச்சு என்று பையில் கைவிட்டவரிடம், "ஒண்ணும் வேணாம், போங்க" என்றார் பக்ருதீன். அவர் சொன்ன தோரணையில், காசு வாங்கியிருந்தாலே கௌரவமாக இருந்திருக்கும்.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டி பக்ருதீன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போட்டபோது வேலை வேலையாக இருந்தது. விசைப்பலகையில் டீ கொட்டியிருக்கும், போர்டு புகைந்திருக்கும், விசிறியில் தூசி அடைத்திருக்கும். கழற்றினால் காரணம் கண்ணுக்குத் தெரியும். இப்போது கெட்டுப்போனால் யாரும் ரிப்பேர் பார்ப்பதில்லை, புதிது வாங்கிவிடுகிறார்கள். கடைக்கு வருவதெல்லாம் பயம்தான். சிவப்புத் திரை, சைரன் சத்தம், உங்கள் கணக்கு முடக்கப்பட்டது என்ற செய்தி. ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சாயங்காலமானால் பக்ருதீனுக்குத் தன் குரலே பிடிக்காமல் போய்விடும்.

போன் அடித்தது. மனைவி ஜரினா. அவர் துண்டித்தார். உடனே மறுபடி அடித்தது.

"கடையில ஆள் இருக்கு ஜரினா."

"இல்லங்க, இங்க லேப்டாப்புல என்னமோ..."

"வந்து பாக்குறேன்னு சொல்றேன்ல. அதத் தொடாம வையி."

வைத்துவிட்டார். கடையில் ஆள் யாரும் இல்லை. விஜயராகவன்கூட வாசலுக்குப் போய் ஆட்டோவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து அதுவும் படுத்துவிட்டது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, பக்ருதீன் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். இந்திரா காந்தி சிலை பக்கத்து நெரிசலில் நின்று நின்று, முல்லா வீதிக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு வந்து சேரும்போது முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

கதவு சாத்தாமல் கிடந்தது. ஜரினா அரைநாள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன புடவையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே லேப்டாப். பக்கத்தில் ஸ்பீக்கரில் போன். அவரைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டினாள். மகள் ஹிபா பிறந்து வளர்ந்து சென்னைக்கு வேலைக்குப் போன இத்தனை காலத்தில் ஜரினா அவரை அப்படி நிறுத்தியதில்லை.

போனில் ஒரு வாலிபக் குரல். தமிழ்தான், ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ் இல்லை. எங்கேயோ கற்றுக்கொண்டு பேசுகிற தமிழ்.

"ஒண்ணும் அவசரம் இல்ல மேடம். மெதுவா பாருங்க. இடது பக்கம் ஒரு பச்சை பட்டன் தெரியுதா? தெரியலன்னாலும் பரவாயில்ல. நான் லைன்லதான் இருக்கேன்."

"தெரியுது" என்றாள் ஜரினா, சரியான விடை சொன்ன பிள்ளைபோல.

பக்ருதீன் திரையைப் பார்த்தார். அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. ஜரினாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சுவரோரம் போய் இன்டர்நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். அம்புக்குறி அப்படியே நின்றது.

"மேடம்? கனெக்‌ஷன் போயிடுச்சு. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர் வந்துட்டாங்க."

பிறகு அதே குரல், அதே பதம்: "சார்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம் மேடம். தெரிஞ்சா கத்துவாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பக்ருதீன் போனை எடுத்தார். இந்தக் கூட்டத்தில் ஒருத்தன் கையில் கிடைத்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக அவரிடம் ஒரு மூட்டை இருந்தது. இப்போது அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே எதுவும் இல்லை.

"வைடா போன" என்றார்.

"ஓகே சார்" என்றது குரல், கோபமே இல்லாமல். துண்டித்தது.

"ஓடிபி சொன்னியா?"

ஆமாம் என்று ஜரினா தலையை ஆட்டினாள்.

"எப்ப?"

"அப்பவே. ஹேக்கர் அக்கவுண்ட்டுக்குள்ள வந்துட்டானான்னு பாக்கணும்னு பேங்க் பேஜைத் திறக்கச் சொன்னாரு."

சொன்னாரு என்றது அவர் காதில் விழுந்தது. அதைப் பற்றிப் பேச நேரமில்லை. லேப்டாப்பின் பவர் பொத்தானை அழுத்தி அணைத்தார். வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொன்னார். பிறகு சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிட்டார். அங்கே பேசிய பெண் கேட்டதற்கெல்லாம் ஜரினாவே பதில் சொன்னாள். பெயர், ஊர், எந்த நம்பருக்குப் பேசினீர்கள், எவ்வளவு போனது. தொகையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. அவள் பெயரில், அவள் சம்பளத்திலிருந்து சேர்த்தது. பெரும்பகுதி போயிருந்தது.

எல்லாம் முடிந்தபிறகுதான் பக்ருதீனுக்குக் கோபம் வந்தது.

"ஊருக்கெல்லாம் இதத்தான் காலையிலேருந்து சொல்லிட்டு இருக்கேன். என் பொண்டாட்டி போய் அவனுக்குப் போன் பண்ணியிருக்கா. வெளிய சொன்னா காறித் துப்புவான்."

"உங்களுக்குத்தான் முதல்ல பண்ணேன்."

"கடையில ஆள் இருந்துச்சு."

"சரி."

அவள் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் அவர் மேலும் கத்தியிருப்பார். ஆனால் அவள் பேசினாள். யாரிடமும் குறை சொல்கிற மாதிரி இல்லை. நடந்ததை ஒப்பிப்பதுபோல, களைப்பாக.

"மூணாங்கிளாஸ் கேள்வித்தாளுக்கு ஒரு மயில் படம் தேடிட்டு இருந்தேன். திடீர்னு சைரன் மாதிரி கத்த ஆரம்பிச்சிடுச்சு. சன்னல் திறந்து இருக்கு, பக்கத்து வீட்டுல எட்டிப் பாக்குறாங்க. எது அமுக்கினாலும் நிக்கல. நீங்க வச்சிட்டீங்க. அப்புறம் அதுல இருந்த நம்பர்தான். அவன் எடுத்த உடனே, பயப்படாதீங்க மேடம்னான். ஒண்ணு சொல்லுவான், நான் தப்பா அமுக்குவேன். உங்க தப்பு இல்ல மேடம், நான்தான் சரியா சொல்லலன்னான். எத்தன தடவ கேட்டாலும் திருப்பிச் சொன்னான்."

"ஏமாத்துறவன் அப்படித்தான் பேசுவான்."

"ஆமா. இப்பத் தெரியுது." அவள் எழுந்தாள். "ஹிபாகிட்ட சொல்ல வேணாம்."

மறுநாள் காலையில் புகார் எழுதிக் கொடுக்க இருவரும் வங்கிக்குப் போனார்கள். கவுண்ட்டரில் இருந்தவர் வாலிபர். தாளைப் படித்துவிட்டு ஜரினாவை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர்னு போட்டிருக்கீங்க. ஓடிபி சொல்லக் கூடாதுன்னு நாங்க தினமும் மெசேஜ் அனுப்புறோம். இதுகூடத் தெரியாதாம்மா?"

ஜரினா பேனாவை எடுத்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நின்ற பக்ருதீனுக்கு அந்த வாலிபரை ஏதாவது கேட்கத் தோன்றியது. என்ன கேட்பது? ஜரினாவின் கழுத்தோரம் வேர்வை வழிந்து முந்தானைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதி முடிக்கும்வரை அவரால் அங்கிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது அவள் வழக்கம்போல அவர் தோளைப் பிடிக்கவில்லை. ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பணத்த எதுக்கு வச்சிருந்த?" என்று கேட்டார், முன்னால் பார்த்தபடி.

"எதுக்கும் இல்ல. என் பேர்ல இருந்துச்சு."



போன பணத்தில் ஒரு பங்கை ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைத்திருப்பதாகப் பிறகு தகவல் வந்தது. அது கைக்கு வர மாதங்களாகும் என்றார்கள். மீதி போனது போனதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைரன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். எஸ்கேப், பிரவுசரை மூடுவது, நோட்டிபிகேஷனை எடுப்பது. அவள் வேறெங்கோ தட்டினாள். "அங்க இல்ல, இங்க" என்றார். மறுபடி வேறெங்கோ. "இங்கன்னு சொல்றேன்ல." தன் குரல் ஏறிவிட்டது அவருக்கே கேட்டது. ஜரினா உலை கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. பக்ருதீன் அந்தத் திரைக்கு முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் குரலை இனிமேல் எங்கே கொண்டுபோய் மாற்றுவது என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜரினா சொன்னாள், "இன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல சொல்லிட்டேன்."

"எத?"

"எல்லாத்தையும்."

பக்ருதீனின் கை சோற்றில் நின்றது. கம்ப்யூட்டர் கடைக்காரன் பொண்டாட்டி என்று ஊர் சிரிக்கும். அதைத்தான் முதலில் நினைத்தார். நினைத்ததற்காக அடுத்த நிமிஷமே கூசியது.

"சிரிச்சாங்களா?"

"யாரும் சிரிக்கல. தாமரைச்செல்வி எழுந்து போயி கதவைச் சாத்திட்டு வந்து, சொல்லுன்னா. சொல்லி முடிச்சதும் நிர்மலாதேவி அழுதுட்டாங்க. கதிர்காமத்துலேருந்து வருவாங்களே, கணக்கு எடுக்குறவங்க. அவங்களுக்குப் போன வருஷமே நடந்திருக்கு. வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அவன் லேப்டாப்புல போட்டுவிட்ட ஆப் இன்னும் அப்படியே கிடக்காம். தொடவே பயந்துகிட்டு அத பீரோவுல புடவைங்களுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காங்க."

"கடைக்குக் கொண்டு வரச் சொல்லு."

"சொன்னேன். உங்ககிட்ட வரப் பயமா இருக்குங்கிறாங்க."

"எங்கிட்ட என்ன பயம்?"

ஜரினா மீன்முள் கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் நிர்மலாதேவி வந்தார். துணிப்பைக்குள் லேப்டாப். கடை வாசலில் நின்று, உள்ளே ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் படியேறினார். பக்ருதீனுக்கு அன்று காலையிலேயே இரண்டு சிவப்புத் திரைகள் வந்து போயிருந்தன. முட்டி வலி இடுப்புக்கு ஏறியிருந்தது. இந்த அம்மா என்ன சொல்லப்போகிறார் என்பது வரிக்கு வரி அவருக்குத் தெரியும். அந்த ஆப்பை எடுத்துப்போட டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க டீச்சர்."

நிர்மலாதேவி நுனியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார், மேசையில் வைக்கவில்லை. "ஜரினா மிஸ் சொல்லியிருப்பாங்க."

"கொஞ்சம் சொன்னா. நீங்க சொல்லுங்க."

"எங்கேருந்து சொல்றதுன்னு தெரியல பாய்."

"முதல்லேருந்தே சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். பையனுடைய அட்மிஷனுக்காக எதையோ தேடியது, திரை உறைந்தது, சத்தம். விழுப்புரம் பஸ் ஒவ்வொன்றும் ஹார்ன் அடித்துக்கொண்டு கடையைத் தாண்டும்போது நிறுத்தினார். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். சில இடங்களில் பின்னால் போய், இல்லை, அதற்கு முன்னாலேயே இது நடந்தது என்று திருத்திக்கொண்டார். போனில் பேசியவன் தன்னை அக்கா என்று கூப்பிட்டதைச் சொல்லும்போது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பக்ருதீன் அவசரப்படுத்தவில்லை. பொறுமையால்தான் என்று சொல்ல முடியாது. பேசத் தெம்பு இல்லாததும் ஒரு காரணம். ஆனாலும் காது கொடுத்தார்.

படியில் நிழல் விழுந்தது. கையில் போனோடு ஒருத்தர் ஏறி வந்தார். "பாய், இதுல என்னமோ வைரஸ்னு..."

"கொஞ்சம் இருங்க" என்றார் பக்ருதீன். "டீச்சர் பேசிட்டு இருக்காங்க."