இரண்டாவது படம்

ஊசி போட்டுப் பதினைந்து நிமிடத்தில் முதல் படத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது படத்துக்கு நான்கு மணி நேரம் ஆகும் என்று சொல்லி, லவுரிண்டோவையும் அவன் மனைவி சுல்மீராவையும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து வராந்தாவில் உட்கார வைத்தார்கள்.

மறுநாள் காலை அவன் படகு போவுவா துறையிலிருந்து கிளம்ப வேண்டும். தண்டல் அவன்தான். சுக்கானும் உத்தரவும் அவன் கையில். ஐந்து பேர் அவனை நம்பி ஏறுவார்கள். அதில் ஒருவன் சுல்மீராவின் தம்பி ஃபிர்மினோ.

"எனக்கு ஒண்ணுமில்லடி. அந்த டாக்டரம்மாவுக்குப் பொழுது போகல, படம் புடிக்குது."

"உங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு."

"அவருக்குக் கால் போச்சு. என் காலை நீ பாக்காததா? போன சனிக்கிழமைகூடப் பாத்தியே!"

பார்த்திருந்தாள். அவர்கள் ஊரில் எல்லோரும் கால்களைத்தான் பார்ப்பார்கள். நோய்க்கே சின்னக்கால் நோய் என்றுதான் பேர். முதலில் விரல் நுனி மரத்துப்போகும். பிறகு சேற்றில் நடக்கும் சேவலைப் போல மனிதன் காலைத் தூக்கித் தூக்கி வைப்பான். அடுப்பில் பாதம் வெந்தாலும் தெரியாது. பத்து வருஷத்தில் கதை முடியும். பெண் கொடுப்பவர்கள் மாதா கோயில் வாசலில் நின்று மாப்பிள்ளையின் நடையைப் பார்ப்பது அதனால்தான்.

லவுரிண்டோவின் ரத்தத்தில் அது இருக்கிறது என்று கல்யாணத்துக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அவள் கட்டிக்கொண்டாள். பதினான்கு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கண்ணைத் துணியால் கட்டி, குளிர்ந்த கரண்டி, வெந்நீர்த் துணி, வலை தைக்கும் ஊசி என்று ஒவ்வொன்றாய் அவன் விரல் இடுக்கில் வைப்பாள். அவன் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. சரியாகச் சொன்னதும் இரண்டு பேரும் ஒயின் குடிப்பார்கள். அடுத்த வாரம் வரைக்கும் அவளால் தூங்க முடியும்.

போன மாதம் வருஷப் பரிசோதனையில், டாக்டர் பெனெதிதா அவனைப் படுக்க வைத்து ஒரு தடவையும் நிற்க வைத்து ஒரு தடவையும் பிரஷர் பார்த்தார். "காலைப் பாருங்க டாக்டரம்மா, வேணும்னா ஆடிக் காட்டறேன்" என்று இவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. இந்தப் படத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

டப்பாவைத் திறந்து சோள ரொட்டியும் பொரித்த மீனும் எடுத்து வைத்தாள். தின்றான். காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்தவன் இரண்டு எட்டு வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

"என்ன?"

"தரை வழுக்குது."

தரை காய்ந்துதான் கிடந்தது. காலையில் கட்டில் விளிம்பில் அவன் வெகுநேரம் உட்கார்ந்திருப்பது அவளுக்கு நினைவு வந்தது. சோம்பேறி என்று அதற்காக எத்தனை நாள் திட்டியிருக்கிறாள்!

இரண்டாவது படம் எடுத்து முடித்ததும் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் லவுரிண்டோவின் உடம்பு புகை போலத் தெரிந்தது. கீழே ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"அந்த வெளிச்சம் என்ன டாக்டரம்மா?" என்றாள் சுல்மீரா.

"ஈரல். அது மருந்தை எடுத்துக்கிட்டிருக்கு. இந்த நோயைக் கொண்டுவர்ற கெட்ட புரதத்தைச் செஞ்சு அனுப்பறதும் அந்த ஈரல்தான்."

"அப்ப இதயம்?"

டாக்டர் பேனாவால் கறுப்பாக இருந்த ஓர் இடத்தைத் தொட்டார். "இங்க. நரம்பு உயிரோட இருந்திருந்தா மருந்தைப் பிடிச்சு வெச்சிருக்கும், ஈரல் மாதிரியே தெரிஞ்சிருக்கும். இதயம் துடிக்குது. ஆனா அதுக்குப் போற நரம்புல பெரும்பாலும் செத்துப்போச்சு."

"கால்ல ஒண்ணுமே இல்லையே! நான் வாராவாரம் பாக்கறேனே!"

"எல்லாருக்கும் கால்லயே ஆரம்பிக்கறதில்ல அம்மா."

பதினான்கு வருஷம் வாசலில் காவல் இருந்திருக்கிறாள். நோய் கொல்லைப்புறமாக வந்து, உள்ளே குடித்தனமே வைத்துவிட்டது.

மாத்திரை இந்த வாரமே தொடங்கலாம், மேலே பரவுவதைத் தடுக்கும், போனது திரும்பாது என்றார் டாக்டர். "கடல் வேண்டாம். எழுந்து நின்னா ரத்தம் தலைக்கு ஏறாது. இதயம் திடீர்னு நின்னும் போகலாம். படகு கிளம்ப அனுமதி தர்ற துறைமுக அலுவலகத்துக்கு, உங்க சம்மதம் இல்லாம நான் எழுத முடியாது. நீங்கதான் சொல்லணும்."

லவுரிண்டோ நல்ல பிள்ளை போலத் தலையாட்டினான்.

திரும்பி வரும் ரயிலில் பாதி தூரம் வந்ததும் அவனே ஆரம்பித்தான்.

"யார்கிட்டயும் வாயத் திறக்காதே. நாளைக்குச் செருப்பைக் கழட்டிட்டு மணல்ல நடந்து போய்ப் படகு ஏறப்போறேன். ஊரே என் காலைப் பாக்கட்டும். அதுக்கு மேல எவன் கேள்வி கேப்பான்?"

"நீ சுக்கான்ல விழுந்தா மத்தவங்க?"

"விழ மாட்டேன்."

அவள் கைப்பேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். லவுரிண்டோ தடுக்கவில்லை. அது ஏன் என்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

"ஃபிர்மினோ, நாளைக்குப் படகு ஏறாதே. உங்க அத்தானுக்கு இதயத்துல வந்திருக்கு."

"தெரியும்க்கா. ஜூன் மாசம் சான் பெத்ரோ திருவிழாவுக்கு முன்னாடியே ரெண்டு தடவை விழுந்துட்டாரு. துறைவாய்ல அலை உடையற இடம் வந்தா எங்கள்ல ஒருத்தன் அவர் முதுகுக்குப் பின்னாலயே நிப்பான், பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு."

"அடப்பாவி! எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விடமாட்டே. தண்டல் லைசென்ஸ் எங்கள்ல வேற யாருக்குக்கா இருக்கு? அவர் இறங்கிட்டா குளிர்காலம் பூரா அஞ்சு வீட்லயும் என்னத்தத் தின்றது?"

அவள் போனை வைத்தாள். லவுரிண்டோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இனி இவனைத் தடுக்க ஊரில் அவளைத் தவிர ஆள் இல்லை.

துறைமுக அலுவலகத்துக்குக் கிட்டே இருக்கும் நிறுத்தம் வந்தது. படம் இருந்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"சுல்மீரா! ஏய்!"

அவன் துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறவில்லை. கம்பியை நோக்கிப் போன கை காற்றைப் பிடித்தது. முட்டி மடங்கி, இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தான். கதவு மூடப்போகும் மணி அடித்தது.

பிளாட்பாரத்திலிருந்து உள்ளே பாய்ந்தாள். கதவு அவள் முதுகை உரசிக்கொண்டு மூடியது. அவன் கால்களை இருக்கையின் மேல் தூக்கி வைத்து, தலையைத் தரையில் தாழ்த்திப் பிடித்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. நெற்றி ஈரமாயிருந்தது.

கண் திறந்தான். "போகாதேடி," என்றான். "நான் வேற என்ன வேலை செய்வேன்?"

"நான் எங்க போனேன்? இங்கதான் இருக்கேன்."

ஒரு கையால் அவன் தலையைப் பிடித்தபடி, மறு கையால் துறைமுக அலுவலகத்து எண்ணைத் தேடி அழுத்தினாள். படகின் பேர் கேட்டார்கள். சொன்னாள். தண்டலின் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். அவன் கை தரையிலிருந்து எழும்பிப் போனைப் பறிக்க வந்தது. அதில் பலமில்லை. அந்தக் கையை முழங்காலுக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.