நகரட்டும்

“பிளக்கை எடுத்தாச்சான்னு மாப்பிள்ளைய கேளு.”

கட்டிலின் மேலிருந்து மாமனாரின் குரல் வந்தது. கட்டிலுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மருமகனுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதே. மாமியார் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, அடுத்த ஊரில் இருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோலக் குரலை உயர்த்தினாள்.

“மாப்பிள்ளை, பிளக்கை எடுத்தாச்சான்னு கேக்கறார்.”

“எடுத்து என் நெஞ்சு மேலயே வச்சிருக்கேன்னு சொல்லுங்க அத்தை.”

“நெஞ்சு மேலயே வச்சிருக்காராம்.”

“கேட்டுச்சு,” என்றார் மாமனார்.

இப்படித்தான் அந்த வீட்டில் சில வருடங்களாகப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை சாப்பிட்டாரா, மாப்பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறதே, எல்லாம் விசாரிப்பார். மகளிடமோ மனைவியிடமோ விசாரிப்பார், அவ்வளவுதான்.

மருமகன் பஞ்சு பிரியாத துணியால் நீளமான திருகைத் துடைத்தான். பழைய கிரீஸ் கறுத்துப்போயிருந்தது. அதன்மேலேயே புதியதை அப்புகிறவன் சோம்பேறி என்பது மாமனாரின் சித்தாந்தம். முதலில் பழையதைச் சுத்தமாக எடுக்க வேண்டும். பிறகு விரல் நுனியால், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் புதியதைத் தடவ வேண்டும். அள்ளிப் பூசினால் தூசி வந்து குடியேறும், திருகு அரைபடும், கட்டில் குலுங்கும்.

குலுக்கல்தான் பிரச்சினையே. அவருக்கு நோய் எலும்பில் இருந்தது. வாடகைக்கு வந்த இந்தக் கட்டில் தலைப்பக்கத்தைத் தூக்கும்போதெல்லாம் மாட்டுவண்டி மேடேறுவதுபோல ஒரு உதறு உதறும். மூன்றாம் நாளே அவர் அதன் மோட்டாரைக் கழற்றிவிட்டார். அப்போது கையில் கொஞ்சம் தெம்பு இருந்தது. அவரும் மருமகனும் வேலை பார்த்த லென்ஸ் பட்டறையில் வேண்டாமென்று ஒதுக்கிவைத்த ஆக்சுவேட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பூட்டினார். மோட்டார் சுற்றச் சுற்ற, திருகு ஒரு தண்டை மெல்ல முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். லென்ஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தப் பழகிய சாதனம் அது. இப்போது ஒரு மனிதரின் முதுகை நகர்த்துகிறது. தலைப்பக்கம் எழும்ப நேரமாகும், ஆனால் எழும்புவதே தெரியாது.

கூடவே பட்டறைச் சட்டமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. சுவிட்சைத் தொடுகிறவர் முதலில் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். போர்வை சிக்கியிருக்கிறதா, ஒயர் நசுங்குமா, யாருடைய கையாவது இருக்கிறதா. பிறகு “நகருது” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் இருக்கிறவர் “நகரட்டும்” என்று சொன்ன பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போகலாம். பதில் வரவில்லையா, மின்சாரம் கிடையாது. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் இறக்கியே தீர வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் பின்பக்கம் இருக்கும் குமிழைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றி இறக்கலாமே தவிர, ஆளின் எடையோடு ஏற்ற முடியாது.

“அதுக்குக் கண்ணாடின்னும் தெரியாது, விரல்னும் தெரியாது. தள்ளச் சொன்னா தள்ளும்.” இதைப் பட்டறையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார்.

அந்த விரல் அவருடையதாகவே ஆனது மருமகனின் கைங்கரியம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவன் ஆத்திரக்காரன்கூட இல்லை, வெறும் அவசரக்காரன். சில வருடங்களுக்கு முன் பட்டறையில் ஒருநாள், “நகருது” என்று சொன்ன அதே மூச்சில் அழுத்தினான். இடது மோதிர விரல். மாமனார் கத்தவில்லை, திட்டவில்லை. விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனார். நகம் பிறகு முளைத்தது, நடுவில் பிளந்து, கோணலாக.

அன்றோடு சரி. மருமகன் எத்தனை முறை “நகருது” என்றாலும் அவரிடமிருந்து பதில் வராது. சுவரைப் பார்ப்பார். அவன் கையை எடுத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவான். பட்டறையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். மீசையில் நரை விழுந்துவிட்ட மனிதனுக்கு ஒரு வார்த்தைக்காக இப்படி ஏங்குவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏங்கினான். அவர் போவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் அதைத் தன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

வேலையை முடித்துக் கையைத் துடைத்து, பிளக்கை மாட்டினான். மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மாமியார் ஈரத்துணிக் கூடையோடு மாடிக்கு ஏறினாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டினான்.

முதலில் மாறியது மூச்சின் சத்தம். நிமிர்ந்து பார்த்தான். மாமனாரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. படுத்த நிலையில் காற்று போதவில்லை. கண்கள் தலைப்பக்கம் தொங்கிய சுவிட்சை ஒரு முறை தொட்டுவிட்டு வந்தன.

“அத்தை!” என்று மாடியை நோக்கிக் கத்தினான். மேலே துணி உதறும் சத்தம் மட்டும் கேட்டது.

சுவிட்சைக் கையில் எடுத்தான். குனிந்து பார்த்தான். போர்வையின் முனையை இழுத்து மேலே போட்டான். ஒயர் ஒதுங்கித்தான் இருந்தது.

“மாமா, நகருது.”

அவர் சுவரைப் பார்த்தார்.

அழுத்திவிடலாம். உயிர் போகிற நேரத்தில் சட்டம் என்ன சட்டம்? யார் கேட்கப்போகிறார்கள்? கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது. பழைய அவனாக இருந்திருந்தால் இந்நேரம் கட்டில் பாதி ஏறியிருக்கும். அவன் விரலை எடுத்து, அவர் பார்க்கும்படி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டான்.

“மாமா, நகருது,” என்றான் மறுபடி.

மாமனார் முகத்தைத் திருப்பினார். அந்த நீட்டிய விரலைப் பார்த்தார்.

“என் கை எங்க?”

“நெஞ்சு மேல இருக்கு மாமா. ரெண்டும்.”

மூச்சு இழுத்தது. விட்டது.

“நகரட்டும்.”

அழுத்தினான். தலைப்பக்கம் எழும்பியது, எழும்புவது தெரியாமல். அவர் தோள் நிமிர நிமிர மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. “போதும்” என்றதும் நிறுத்தினான். கடைசிவரை ஓட்டி முட்டவிடக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான்.

அவன் சுவிட்சைத் தலைப்பக்கம் மாட்டினான்.

“சத்தம் எப்படி?”

“சத்தமே இல்ல மாமா.”

“அப்ப கிரீஸ் சரியாத்தான் போட்டிருக்கீங்க.”

மாமியார் வெறுங்கூடையோடு இறங்கிவந்து வாசலிலேயே நின்றாள். உயர்ந்திருந்த கட்டிலைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள்.

“நீங்களா தூக்கினீங்க?”

“மாமா சொன்னார்.”

“வாயாலயா?”

“வாயாலதான் அத்தை.”

“இப்பவாவது திறந்துச்சே,” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியை நீவிக்கொடுத்தாள். அவர் தூங்குவதுபோலத்தான் இருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. மகள் மருந்தோடு வந்து செருப்பைக் கழற்றும்போது, அடுத்த மூச்சுக்காக அறையில் இருந்த இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அது வரவில்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமியாரின் தோளைத் தொட்டுவிட்டு, மருமகனிடம் தணிந்த குரலில் சொன்னார்.

“கட்டில சமமா இறக்கிடுங்க. லேட்டானா உடம்பு இப்படியே விறைச்சுடும்.”

அதற்குள் மாமியாரின் தம்பியும் வந்து சேர்ந்திருந்தார். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல எப்போதும் பறக்கிற மனிதர். சுவிட்சை எடுத்து மருமகன் கையில் திணித்தார். இன்னும் சிலர் சுவரோரம் நின்றார்கள். மகள் தகப்பனின் கால்மாட்டில் நின்றாள்.

மருமகன் குனிந்து அடியில் பார்த்தான். நிமிர்ந்தான்.

“மாமா, நகருது.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. யாரோ செருமினார்கள். மகள் வாயைத் திறந்தாள். உதடு துடித்ததே தவிர சொல் வரவில்லை.

“யார் கிட்ட கேக்கறீங்க மாப்பிள்ளை?” என்றார் மாமியாரின் தம்பி. “அழுத்துங்க, ஒரு நிமிஷ வேலை. குடுங்க, நான் பண்றேன்.”

அவன் சுவிட்சைக் கொடுக்கவில்லை. அதை இருந்த இடத்திலேயே மாட்டினான். சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். ஒயரைச் சுருட்டியபடி வந்து தரையில் உட்கார்ந்து, மல்லாந்து கட்டிலுக்கடியில் நகர்ந்தான். பிளக்கை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.

“இது என்ன கூத்து? கரண்ட் இருக்கும்போது கையால எதுக்கு...”

“விடுடா,” என்றாள் மாமியார். “அவர் பாத்துப்பார்.”

குமிழைப் பிடித்துச் சுற்றினான். பொடிப் பொடியான மரைகள். எத்தனை சுற்றினாலும் தண்டு உள்ளே போவது கண்ணுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு கடுத்தது. கையை மாற்றிக்கொண்டான். காலையில் பூசிய கிரீஸ் திருகின்மேல் ஈரம்போல மின்னியது. சத்தமே இல்லை. அவன் படுத்திருந்த இடத்திலிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. மாமியாரின் தம்பியின் கால்கள் அங்குமிங்கும் நடந்தன. பிறகு அவையும் ஓரிடத்தில் நின்றன. மனைவியின் கால்கள் அவன் பக்கமாக வந்து, அவள் தரையில் உட்கார்ந்தாள். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து அவன் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. சுற்றிக்கொண்டிருந்தான்.

பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். தலைமாட்டில் ஏதோ சரிந்த அசைவு தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். இறங்குகிற பலகைக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவே, ஒரு கை நழுவி வந்து தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை. மோதிர விரலில் நடுவே பிளந்த கோணல் நகம்.

குமிழிலிருந்து கையை எடுத்தான்.

அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். எழுந்து, சட்டையில் கிரீஸைத் துடைத்தான். சட்டத்தில் உரசாமல் அந்தக் கையை மெல்ல எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்தான். மற்றக் கையையும் பார்த்தான். போர்வையின் முனையை உள்ளே செருகினான்.

பிறகு குனிந்து, மறுபடி கட்டிலுக்கடியில் போனான்.