ஆய்வறிக்கையின் மேல் நின்ற அம்பு

…சற்றுப் பொறுங்கள், சற்றுப் பொறுங்கள், எதைத்தான் சற்று என்கிறது இந்தச் சனியன், காலை எட்டு மணிக்குத் திரை நீலமாகி ‘உங்கள் கணினி ஒரு சிக்கலைச் சந்தித்துள்ளது’ என்றது, சந்தித்தால் கைகுலுக்கிவிட்டு வர வேண்டியதுதானே, பிறகு தானாக அணைந்து தானாக எழுந்து முப்பத்தேழு சதவீதத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது, அதற்குள் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்து ஓய்வும் பெற்றிருக்கும், ஒருவழியாகத் திரை வந்தால் எதை அழுத்தினாலும் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றிப் பழிப்புக் காட்டுகிறது, யாருக்கு? முப்பத்தொரு வருடம் கொதிகலன் ஆய்வாளராக இருந்தவருக்கு, அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆலைக் கொதிகலன்கள் மூச்சை அடக்கிக்கொள்ளும், முதலாளிகள் வாசலுக்கே ஓடி வருவார்கள்… மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். “அது என்ன உங்ககிட்ட வேலை பார்க்கிற ஆளா, மிரட்டினா ஓடறதுக்கு?” என்று அடுத்த அறையிலிருந்து மனைவி. இவளுக்கு வேறு காது மட்டும் கூர்மை.

மகளுக்குப் போன் போட்டார். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களாப்பா?” பண்ணினார், நாலு தடவை, நாலாவது தடவை திட்டிக்கொண்டே பண்ணினார். “புதுசா ஏதாவது போட்டீங்களா?” திரை ஓரத்தில் ‘இலவசமாக வேகம் கூட்டுகிறோம்’ என்று ஒன்று பல்லிளித்தது, போட்டார், அதற்குப் பிறகு இன்னும் மெதுவானதால் இன்னொன்று போட்டார், அப்படியே… “ஒண்ணும் போடலையே” என்றார். “சரி, நான் போட்டு வெச்சதைத் திறங்க, ஒரு நம்பர் வரும், படிங்க.” ஒன்பது இலக்கத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்து முடித்த பிறகு சொல்கிறாள், “அவர்கிட்ட குடுத்துட்டேன்ப்பா, அவரே இங்கேருந்து உள்ளே வந்து பார்த்துடுவார்.”

அவரா? அவனா! ஒரு கொதிகலன் ஆய்வாளருக்கு, அதுவும் வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, குக்கருக்கு எப்படி வெயிட் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவன், “கொஞ்சம் தள்ளுங்க மாமா” என்றவன், அன்றோடு பேச்சு நின்றது, இரண்டு வருடம், மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டு எப்படியோ அடுத்த மாதம் அவனையும் பேத்தியையும் இங்கே அழைத்து வரச் சம்மதம் வாங்கியிருக்கிறாள், பேத்தி நடக்கிறாளாம், அவர் இன்னும் பார்க்கவில்லை… ஐயோ. திரையில், நட்ட நடுவில், அவர் எழுதி வைத்த கோப்பு, ‘ஆய்வறிக்கை – மாப்பிள்ளை’. நாற்பத்து மூன்று குறைகள், வரிசை எண், விளக்கம், பரிந்துரையுடன். திருப்புளியை வாங்கினால் துடைக்காமல் தருகிறான், பரிந்துரை: இனி தர வேண்டாம். ஒளித்து வைத்திருக்கலாம், ஆனால் ஆய்வறிக்கையை ஒளித்து அவருக்குப் பழக்கமில்லை, கொதிகலன் நெற்றியிலேயே ஒட்டிவிட்டு வருகிற ஆள். அவன் திறந்து படித்தால் அடுத்த மாதமும் இல்லை, பேத்தியும் இல்லை.

அம்பு நகர்ந்தது. தானாக, பேய் பிடித்த மாதிரி. அவர் மௌஸைப் பிடித்து இழுத்தார், அம்பு திமிறியது, இழுத்தார், திமிறியது. “மாமா, நீங்க கையை எடுங்க, ரெண்டு பேரும் இழுத்தா அது எங்க போகும்?” போனில் அவன் குரல், இரண்டு வருடம் கழித்து முதல் வாக்கியமே அதிகாரம்! வயரைப் பிடுங்கிவிடலாமா… பிடுங்கினால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடுமே, இவனுக்கா? கையை எடுத்தார். “ஒன்பது வேகம் கூட்டி போட்டிருக்கீங்க மாமா. ஒண்ணை ஒண்ணு முந்தப் பார்க்குது.” சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாற்பத்து நாலு. ஒவ்வொன்றாக நீக்கினான், வட்டம் நின்றது, கணினி கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது, அது வேறு எரிச்சல், இவனுக்கு மட்டும் ஏன் அடங்குகிறது… பிறகு அம்பு மெல்ல இறங்கி வந்து, அறிக்கையின் மேல் நின்றது.

நின்றது. அவருக்கு மூச்சு நின்றது.

“இதையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுடறேன் மாமா. போன தடவை மாதிரி.”

போன தடவையா? போன தடவை என்றால்… ஒன்றரை வருடத்துக்கு முன் கணினி செத்தே போனது, மகள் வந்து தூக்கிப் போனாள், ஏதோ கடைக்காரன் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு வாரத்தில் கொண்டு வந்தாள், இந்த அறிக்கையும் இதே இடத்தில் இருந்தது, அப்போது இருபத்தெட்டுக் குறை, “தொழில் தெரிஞ்சவன்! இவனை மாதிரி ஒருத்தனைக் கட்டியிருக்கலாம் நீ” என்று அவளிடமே சொன்னாரே, அவளும் தலையைக் குனிந்துகொண்டு… சிரித்தாளா அன்றைக்கு? அந்தக் கடைக்காரன் இவனா? தெரிந்தே மறைத்தாளே, கழுதை! அவன் படித்தானா? படித்துவிட்டா வரச் சம்மதித்தான்? படித்தேன் என்றாவது சொல்லித் தொலைய வேண்டாமா, என்ன திமிர், எழுது, நாற்பத்து நாலு…

“மாமா? எடுக்கட்டுமா?”

இருபத்தெட்டு அப்போது. இப்போது நாற்பத்து மூன்று. பதினைந்து கூடியிருக்கிறது, இந்த ஒன்றரை வருடத்தில், அவனை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல். ஆலைப் பக்கமே போகாமல் அறைக்குள் உட்கார்ந்து அறிக்கை எழுதிய உதவி ஆய்வாளன் ஒருவனை அவர் சீட்டுக் கிழித்து அனுப்பியிருக்கிறார், அவன் காலில் விழுந்தும் மன்னிக்கவில்லை… அந்தப் பதினைந்தை எங்கே போய்ப் பார்த்து எழுதினார்?