வராத சத்தம்

அடுப்பிலிருந்து எடுத்த கேக்கின் மேல் தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் ஓரத்தில் கொஞ்சம் கருகியிருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் ரூனா காலுறைகூட மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

"யாரும் சாப்பிட மாட்டாங்கம்மா."

"இன்னிக்கு உன் முறை," என்றாள் ஹெல்லே. "மாத்திடலாமான்னு உங்க வாத்தியார் கேட்டார். நான்தான் வேண்டாம்னேன்."

"மாத்தியிருக்கலாம்."

ஹெல்லேவுக்கும் இப்போது அப்படித்தான் தோன்றியது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரத்துச் சண்டைகளைப் பேசித் தீர்ப்பார்கள். முறை வந்த பிள்ளை கேக் கொண்டுவர வேண்டும். யார் கேக்கை யார் தொடவில்லை என்பது திங்கட்கிழமைக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

"நீயும் உள்ள வந்து உக்காருவியா?"

"வாத்தியார்கிட்ட கேட்டுட்டேன். உக்காருவேன்."

ரூனா எழுந்து காலுறையைத் தேடினாள்.

போன வாரம் விளையாட்டுத் திடலில் ரூனா அஸ்கரின் மணிக்கட்டை முறுக்கி உடைத்துவிட்டாள். அண்ணன், அக்காமார் கைப்பேசிகளில் துண்டுதுண்டாகப் பார்த்த ஒரு தொடரைத்தான் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதன் நாயகன் எதிரிகளின் கைகளை முறுக்கிக்கொண்டே போவான். அஸ்கர் கத்தினான், ஆனாலும் அவள் விடவில்லை என்று பார்த்த பிள்ளைகள் எல்லோரும் சொன்னார்கள். விடவில்லை என்ற அந்த ஒரு சொல் ஹெல்லேயின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தன் வயிற்றில் பிறந்தது இப்படியா? கேட்டுப் பார்த்தாள். ரூனா எழுந்து போய்விட்டாள். மீண்டும் கேட்க ஹெல்லேவுக்குத் துணிவில்லை. அந்தத் தொடருக்குச் சத்தம் சேர்ப்பவளே அவள்தான்.

ஒலிப்பதிவு அறையில், செலரி என்னும் கீரையின் மொறுமொறுப்பான தண்டுகளை ஈரத்துணியில் சுற்றி மைக் முன்னால் முறுக்குவாள். திரையில் ஒரு கை உடையும். "சத்தத்துல இன்னும் கொஞ்சம் சாறு வேணும் ஹெல்லே," என்பான் இயக்குநர் பால்லே. "பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து வந்து கதவத் தட்டணும்." அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு செலரிக் கட்டை எடுப்பாள். பள்ளி விட்டு வரும் ரூனா ஓரமாக உட்கார்ந்து மிச்சமான தண்டுகளைக் கடித்துத் தின்பாள்.

வகுப்பறையில் வட்டம் தயாராக இருந்தது. அஸ்கர் முழங்கைவரை பச்சை மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். ஹெல்லே சன்னலோரம் போய் அமர்ந்தாள். யோர்ன் வாத்தியார் கேக்கை நடுவில் வைத்தார். ஒருவரும் கை நீட்டவில்லை.

"சரி," என்றார் யோர்ன். "யார் ஆரம்பிக்கிறீங்க?"

மழை சன்னலில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. மௌனங்களை அளந்து பார்த்துப் பழகியவள் ஹெல்லே. ஆனாலும் இவ்வளவு நீளமான ஒன்றை அவள் எந்தப் படத்திலும் விட்டதில்லை.

அஸ்கர்தான் பேசினான். "நான் கத்துனது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு," என்றாள் ரூனா.

"அப்புறம் ஏன் விடல?"

"நீ எப்பவும்தான் கத்துவ. வெளையாட்டுல செத்துப்போனா கூட அஞ்சு தடவ கத்திட்டுத்தான் சாவ."

யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். அஸ்கருக்கே உதடு கோணியது. அவன் நன்றாக நடிப்பான் என்பது ஊரறிந்தது.

"நான் சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருந்தேன்," ரூனாவின் குரல் தேய்ந்தது. "ஒடையறதுக்கு முன்னாடி நறுக்குன்னு ஒரு சத்தம் வரும்ல. அது வர ஆரம்பிச்சா விட்டுரலாம்னு நெனச்சேன். அது வரவே இல்ல."

எந்தச் சத்தத்துக்காகப் பிள்ளை காத்திருந்தாள் என்பது அந்த அறையில் ஹெல்லேவுக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து வட்டத்தின் விளிம்புக்கு வந்தாள்.

"தொடர்ல வர்ற அந்தச் சத்தம் நான் செஞ்சது," என்றாள். "அது எலும்பு இல்ல. செலரி."

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள்.

"செலரியா?" என்றாள் பல் விழுந்த ஒருத்தி. "அப்ப எங்க வீட்டு ஃபிரிட்ஜுல ஒரு கட்டு எலும்பு இருக்கு."

"நிஜ எலும்பு ஒடைஞ்சா எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாது," என்றாள் ஹெல்லே. "நான் கேட்டதே இல்ல. யார்கிட்டயும் விசாரிக்கவும் இல்ல."

"ஒண்ணுமே கேக்கல," என்றான் அஸ்கர். "உள்ள சூடாயிடுச்சு. அப்புறம் எங்கம்மா வேணும்னு தோணுச்சு."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ரூனா தலை குனிந்து அழுதாள், சத்தமில்லாத அழுகை. அஸ்கர் அவள் பக்கம் திரும்பினான்.

"கத்துறது வெளையாட்டுக்கும் கத்துவேன்," என்றான். "அத நிறுத்த முடியாது. நெஜமா வலிச்சா சொல்றதுக்கு வேற ஏதாவது வார்த்த வேணும். யாரும் சும்மா சொல்லாத வார்த்த."

"செலரி," என்றாள் பல் விழுந்தவள்.

"செலரின்னா அந்த நிமிஷமே விட்டுரணும்," என்றான் அஸ்கர். "முறுக்குறதே கூடாது, அது வேற. தள்ளுனாலும், மேல ஏறி உக்காந்தாலும், செலரின்னா விட்டுரணும். ரூனா?"

அவள் தலையசைத்தாள்.

அவன் இடக்கையை நீட்டிக் கேக்கின் கருகிய ஓரத்தில் ஒரு துண்டை எடுத்தான். பாதி சட்டையில் உதிர்ந்தது. "தீஞ்சிருக்கு," என்றான் வாய் நிறைய. "ஆனா நல்லாருக்கு." பிறகு தட்டு சுற்றி வந்தது.

திங்கட்கிழமை ரூனா பள்ளிக்குப் போனாள். அவளை வாசலில் விட்டுவிட்டு ஹெல்லே சைக்கிளைப் பிடித்தபடி வேலியோரம் நின்றாள். பால்லேவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது: அடுத்த காட்சியில் கை உடையும்போது செலரி கிடையாது, மூச்சு மட்டும்தான். அவன் முரண்டு பிடிப்பான். பிடிக்கட்டும்.

திடலில் கூச்சலும் ஓட்டமுமாக இருந்தது. அதன் நடுவே எங்கோ ஒரு குரல் எழுந்தது.

"செலரி!"

கால்கள் நின்றன. அந்தச் சின்ன நிசப்தத்தை ஹெல்லே முழுவதுமாகக் கேட்டாள். பிறகு யாரோ சிரிக்க, கால்கள் மறுபடி ஓடத் தொடங்கின.